ஆடி வரைக்கும்

அந்த ஞாயிற்றுக்கிழமை காளியாயி றொசல்லக் கடைத்தெருவுக்கு இறங்கியது அரை றாத்தல் கருவாட்டுக்கும் ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கும்தான். பங்குனி மாதத்து வானம். காலையில் நல்ல பிள்ளையாக வெயில் அடிக்கும், மத்தியானம் திரும்பினால் மழை கொட்டும். அதற்குள் மலைமேல் இருக்கும் லயத்து வீட்டுக்கு ஏறிவிட வேண்டும் என்று ஓட்டமும் நடையுமாக வந்தவளைப் பொன்னையா முதலாளி கடைக்குள்ளே கூப்பிட்டு, அரிசி மூட்டைமேல் உட்காரச் சொன்னார். மலையிலிருந்து வருகிறவர்களை உட்காரச் சொல்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது.

"ஊருல இருந்து ஒரு கடுதாசி வந்திருக்கு, தாயி."

"அப்பா போட்டிருக்காருங்களா?"

அவர் கண்ணாடியை மாட்டினார். தோட்டத்து ஆபீசுக்கு வரும் கடிதம் நாலு கை மாறி, நாற்பது பேர் வாய்க்குள் புகுந்து புறப்பட்டுத்தான் லயத்துக்கு வந்து சேரும். அதனாலேயே அவள் அப்பா அழகுமுத்து ஊருக்குக் கப்பலேறப் போகும்போது இந்தக் கடையின் விலாசத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வாங்கி மடியில் முடிந்துகொண்டு போனார். தை மாதம் அவர் சொல்லி யாரோ எழுதிய கடிதம் ஒன்று இதே கடைக்குத்தான் வந்தது. சுகமாக இருக்கிறேன், பேத்தி பூரணி பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போகிறாளா, ஆடிக்கு வந்துவிடுவேன் என்று அதில் இருந்தது.

பொன்னையா முதலாளி இந்தக் கடிதத்தை வாசலைப் பார்த்துப் பார்த்துத் தணிந்த குரலில் வாசித்தார். முசிறிப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு வாத்தியார் எழுதியிருந்தார். "'இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்த அழகுமுத்து என்பவர் மாசி மாதம் பன்னிரண்டாம் தேதி விடியற்காலை மாரியம்மன் கோயில் சாவடியில் காலமானார். எட்டு நாள் காய்ச்சல். அவருடைய தம்பி மக்கள், இவர் இன்னாரென்று தங்களுக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டபடியால் ஊர்ப் பொதுவில் அடக்கம் செய்தோம். ஆடியில் திரும்பிப் போகவேண்டும், பேத்தி காத்திருப்பாள் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். இந்த விலாசம் அவர் மடியில் இருந்தது.' அவ்வளவுதான் எழுதியிருக்கு, தாயி."

காளியாயி கத்தவில்லை. "இன்னைக்கு என்ன தேதிங்க?" என்று கேட்டாள்.

"பங்குனி ஒம்பது."

அவள் விரலை மடக்கி எண்ணினாள். இருபத்தேழு நாள். மாசி பன்னிரண்டு என்றால் தோட்டத்து அம்மன் கோயிலில் திருவிழா நடந்த வாரம். மகளுக்கும் தனக்குமாக அவள் கண்ணாடி வளையல் வாங்கிப் போட்டுக்கொண்ட வாரம். அந்த வளையல் இப்போதும் கையில்தான் கிடந்தது.

"அழுதுரும்மா. கடையில யாரும் இல்ல. வேணும்னா கதவைச் சாத்திட்டு நான் வெளிய நிக்கேன்."

"வேணாங்க மொதலாளி. கண்ணு செவந்திருந்தா மேல கேப்பாங்க." அவள் எழுந்துவிட்டாள். "ஒங்களக் கையெடுத்துக் கும்புடுறேன், இதை யாருகிட்டயும் சொல்லிறாதீங்க. ஆடி வரைக்கும் போதும். அந்தக் கடுதாசிய அடுப்புல போட்டுருங்க. எம் மகளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும்."

அரை றாத்தல் கருவாட்டையும் மறக்காமல் வாங்கிக்கொண்டு அவள் மலை ஏறினாள். பெற்ற தகப்பன் செத்த செய்தி கேட்டவள் கருவாடு வாங்குவாளா என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். கருவாடு வாங்கப் போகிறேன் என்று லயத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்தவள், வெறுங்கையோடு போய் நிற்க முடியாது.

விஷயம் இதுதான். தேயிலைக்கு விலை விழுந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சீமையில் யாரும் தேத்தண்ணி குடிப்பதை நிறுத்திவிட்டார்களோ என்னவோ, இங்கே மலை மலையாகக் கொழுந்து முற்றிக் கிடந்தது. வாரத்தில் நாலு நாள்தான் வேலை. ஒவ்வொரு கங்காணியும் தன் ஆட்களில் ஐந்து பேரைப் பொறுக்கி ஊருக்கு அனுப்ப வேண்டும் என்று போன ஐப்பசியில் துரை உத்தரவு போட்டார். லயத்தில் ஒரு காம்பரா வீட்டில் இரண்டு பேர் வேலைக்குப் பதிந்திருந்தால் இருக்கலாம். ஒரே பேர் என்றால் அந்தக் குடும்பம் கப்பலுக்கு. காளியாயி வீட்டில் அவளும் அவள் அப்பா அழகுமுத்துவும் பதிந்திருந்தார்கள். ஆனால் அறுபத்திரண்டு வயதுக் கிழவருக்குத் தேயிலைச் செடி நறுக்குகிற கவ்வாத்துக் கத்தி பிடிக்கிற கை நடுங்க ஆரம்பித்து, அரைப்பேர் அரைப்பேராக, பாதிக் கூலியாக விழுந்துகொண்டிருந்தது. அவரைக் கணக்கில் சேர்க்க முடியாது என்று, தோட்டத்து வேலைக் கணக்குப் பார்க்கிற கண்டாக்கு முத்துலிங்கம் ஐயா சொல்லிவிட்டார். அப்படியானால் மகளும் பேத்தியும் சேர்ந்து கப்பலேற வேண்டும். இல்லாவிட்டால் பேத்தி பூரணியைக் காலையில் பேர் கூப்பிடுகிற பிரட்டுக்குக் கொண்டுவந்து பேர் பதிந்து, கொழுந்து எடுக்க அனுப்ப வேண்டும்.

கங்காணி இராமையாவும் அழகுமுத்துவும் ஒரே நாளில் மண்டபம் முகாமில் ஊசி போட்டுக்கொண்டு, ஒரே கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டு வந்தவர்கள். இராமையா வெள்ளைக் கோட்டுப் போடுகிற நிலைமைக்கு உயர்ந்தார். அழகுமுத்து கவ்வாத்துக் கத்தியோடு நின்றுகொண்டார். ஆனாலும் பழக்கம் விடவில்லை. அழகுமுத்து அவரிடம் போய், "என் பேரை அஞ்சுல ஒண்ணாப் போட்டுக்க. நான் போறேன்," என்றார்.

"நீ போயி என்னடா பண்ணுவே அங்க? முப்பத்தாறு வருஷம் ஆச்சு. ஒன்னைய யாருக்குத் தெரியும்?"

"தெரியலேன்னா திரும்பி வந்துட்டுப் போறேன். ஆனா ஒண்ணு, 'போயி வர்ற ஆளு'ன்னு எழுதிக்க. காம்பரா என் பேருல இருக்கட்டும். பேத்தியப் பெரட்டுக்கு நிப்பாட்டச் சொல்லக் கூடாது."

இராமையா கண்டாக்கிடம் பேசி, ஆடி மாதம் வரைக்கும் என்று ஒரு தவணை வாங்கிக் கொடுத்தார். கிழவர் ஆடிக்குள் திரும்பினால் சரி. திரும்பாவிட்டால் பேர் வெட்டுப்படும். கிழவர் இருக்கிறார் என்கிற பேச்சு ஒன்றில்தான் அந்தக் காம்பரா நின்றுகொண்டிருந்தது.

ஆடிக்குப் பிறகு என்ன? அதை யாரும் யோசிக்கவில்லை. யோசித்தால் பதில் இல்லை என்று தெரியும். எட்டு வயதுப் பிள்ளைக்கு இன்னும் நாலு மாதம் பள்ளிக்கூடம். காளியாயி மனதில் இருந்தது அவ்வளவுதான்.

லயத்துக்கு ஏறும் வழியில் ஓடையில் இறங்கித் தலையோடு முங்கினாள். துணி துவைக்கும் பெண்கள் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமைக் குளிப்பு என்று நினைப்பார்கள். தண்ணீருக்குள் இருந்தபோது வாயைத் திறந்து ஒரு தடவை "அப்பா" என்றாள். அதற்குமேல் மூச்சு இல்லை.

அன்றைக்கு அவள் கருவாட்டை வறுக்கத்தான் வேண்டியிருந்தது. லயத்துச் சுவர் கூரைவரை போகாது. ஒரு வீட்டில் இருமினால் பத்தாவது வீட்டில் கஷாயம் வைப்பார்கள். கருவாடு வாங்கிய வீட்டில் கருவாடு மணக்காவிட்டால் கேள்வி வரும். எண்ணெயில் அது பொரியும்போது பக்கத்துக் காம்பரா அம்மாக்கண்ணு சுவருக்கு மேலாகக் குரல் கொடுத்தாள்.

"என்னடி காளி, ஊரையே கூட்டுறே? அப்பாகிட்ட இருந்து காயிதம் வந்துச்சா?"

"வந்துச்சுக்கா. நல்லா இருக்காராம். ஆடிக்கு வந்துருவாராம்."

"வரட்டும் வரட்டும். வந்து ஒன் மகளைத் தூக்கித் தலைமேல வச்சுக்கட்டும். அவரு போனதுல இருந்து இந்தப் புள்ள சடையே கோணலாத்தான் கெடக்கு."

பூரணி வாயைப் பொத்திச் சிரித்தாள். தாத்தா பின்னுகிற சடைதான் கோணல் என்பது அவளுக்குத் தெரியும். தட்டில் சோற்றைப் போட்டுக் கருவாட்டை வைத்ததும், "நீ தின்னலியாம்மா?" என்றாள். தீட்டு நாளில் கவிச்சை தொடக் கூடாது. காளியாயி ஒரு துண்டைப் பிய்த்து வாயில் வைத்து, மென்று, விழுங்கினாள். சுவருக்கு அந்தப் பக்கம் அம்மாக்கண்ணு உலை மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

அழகுமுத்துவைப் பற்றிச் சொல்வதென்றால் சடையிலிருந்துதான் தொடங்க வேண்டும். முன்னே இருந்த கந்தப்பளைத் தோட்டத்தில் காளியாயியின் அம்மா காய்ச்சலில் போனபோது காளியாயிக்கு வயது நாலு. இன்னொரு கல்யாணம் பண்ணிக்கொள் என்று சொல்லாத ஆள் இல்லை. "வர்றவ என்னைய நல்லாப் பாத்துக்குவா. இவளைப் பாக்க மாட்டா," என்று ஒரே பதில். பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு கவ்வாத்து மலைக்குப் போவார். வெட்டிப் போட்ட மிலாறைக் குவித்து, நடுவில் குழி மாதிரி செய்து, தன் கம்பளியைப் போர்த்தி உட்கார்த்தி வைப்பார். மார்கழிப் பனியில் அங்கே தேயிலை இலை கருகிப்போகும். அந்தப் பனியில் வெற்று முதுகோடு வெட்டிக்கொண்டு நிற்பார். விடிகாலையில் ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, பிள்ளைக்குத் தலைவாரி, சடை பின்னி, பிரட்டுத் தப்பு அடிப்பதற்குள் எல்லாம் முடித்துவிடுவார். அந்தச் சடை பத்து மணிக்கெல்லாம் அவிழ்ந்துவிடும். "தேயிலைய வெட்டச் சொன்னா ஒழுங்கா வெட்டுறாரு, மயிரைப் பின்னச் சொன்னா தெரியல," என்று பெண்கள் கேலி பண்ணுவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். காளியாயி பெரிய மனுஷி ஆன அன்றைக்கு என்ன செய்வதென்று தெரியாமல் லயத்து வாசலில் தலையைக் குனிந்து உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து போய் இராமையாவின் பெண்சாதி லெட்சுமியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி அழைத்துவந்தார். உளுந்துக் களி மட்டும் தானே கிண்டினார். அடிப்பிடித்த களிதான். அவள் சாப்பிட்டாள்.

அவளுக்குக் கட்டிவைத்த மாப்பிள்ளை செல்லசாமி, பூரணி பிறந்து நாற்பதாம் நாள் மஸ்கெலியாப் பக்கத்துப் பெண் ஒருத்தியோடு கிளம்பிவிட்டான். ஆளாளுக்குப் போய்க் கூப்பிடு, பஞ்சாயத்து வை என்றார்கள். அழகுமுத்து மஸ்கெலியாவுக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு பால் ஆட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"என்ன அழகுமுத்து, மருமகனைக் கூட்டியாரப் போயிட்டு ஆட்டைக் கூட்டியாறே?" என்று லயமே சிரித்தது.

"அவன் வந்து என்ன பண்ணப் போறான்? இதுக்காவது பால் சுரக்கும்," என்றார்.

அந்தப் பாலில்தான் பூரணி வளர்ந்தாள். பிள்ளைக்காம்பராவில் விட்டால் ஆயா சரியாகப் பார்க்கமாட்டாள் என்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அரை மைல் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வருவார். நடை வந்த பிறகு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். மழைக்காலத்தில் ஓடை பொங்கினால் கழுத்தில் ஏற்றி அக்கரை சேர்ப்பார். காளியாயி பத்து வயதில் கொழுந்துக் கூடை தூக்கினாள். அதில் அவருக்குத் தீராத மனக்குறை. "அப்ப எனக்கு வழி தெரியல தாயி. இப்பவும் தெரியல. இந்தக் குட்டிய மட்டும் மலைக்கு விடாத," என்பார். அவள் அப்பாவை நினைத்தால் இந்தப் பேச்சுத்தான் முதலில் காதில் வரும். இப்போது அது நாள் முழுக்க வந்துகொண்டிருந்தது.

மலையில் கொழுந்து கிள்ளும்போது கேட்பார்கள். தண்ணீர்ப் பீலியில் கேட்பார்கள். அப்பா எப்ப வர்றாரு? இராமையா கங்காணி நிரை பார்க்க வந்தவர் குடையை ஊன்றி நின்று, "வரட்டும் படுவா. ஊருத் தண்ணி ஒத்துக்கிருச்சோ? வந்தா தவறணையில நாத்துக்குத் தண்ணி ஊத்துற வேலையாவது வாங்கித் தாரேன். கண்டாக்கய்யாகிட்டப் பேசி வச்சிருக்கேன்," என்றார்.

"சரிங்க சித்தப்பா."

"அந்தக் காயிதத்தை எங்கிட்டக் காட்டுறதில்லையா நீ?"

"மழையில நனைஞ்சு கிழிஞ்சுருச்சுங்க."

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவளுக்கு அது நாள் ஆக ஆகச் சுலபமாக வந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. அப்பாவுக்கு வயிற்றுவலி என்றும், சரியாகிவிட்டது என்றும், தம்பி பிள்ளைகள் கோழி அடித்துச் சோறு போட்டார்கள் என்றும் அவள் வாய் தானாகச் சொல்லியது. செத்தவருக்குக் கோழிச்சோறு போட்டாள். கருமாதி செய்ய முடியாத மகள் அதையாவது செய்தாள்.

பங்குனி கடைசியில் பூரணி ஒரு காகிதம் எழுதினாள். பள்ளிக்கூடத்து வாத்தியார் தபால் கார்டு கொடுத்தாராம். கோணல் மாணலாக எட்டு வரி. ஆடு குட்டி போட்டிருக்கிறது, நான் இரண்டாம் வகுப்புக்கு ஏறிவிட்டேன், சீக்கிரம் வாங்க தாத்தா. ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். ஞாயிற்றுக்கிழமை காளியாயி அதை மடியில் வைத்துக்கொண்டு இறங்கி, பொன்னையா முதலாளியிடம் கொடுத்தாள். அவர் வாங்கிப் பார்த்துவிட்டுச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். "போட்டுட்டியாம்மா?" என்று மகள் கேட்டபோது, "போட்டுட்டேன்," என்றாள்.

சித்திரை மாதம் பிறந்து ஐந்தாம் நாள், காலைப் பிரட்டுக்கு முன்னாலேயே சாவுத் தப்பு கேட்டது. இராமையாவின் பெண்சாதி லெட்சுமி இறந்துபோனாள். கை கால் வீங்கி மூன்று மாதமாகப் படுக்கையில் கிடந்தவள். காளியாயிக்குச் சின்னம்மா முறை. பெரிய மனுஷி ஆன அன்றைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியவள். கட்டாயம் துக்கம் கேட்க வேண்டிய சாவு.

பத்து மணிக்குக் கங்காணி வீட்டு வாசல் நிறைந்துவிட்டது. மழை தூறிக்கொண்டிருந்தது. கறுப்புச் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு ஆண்கள் ஒரு பக்கம் நின்றார்கள். தப்புக்காரர்கள் நெருப்பு மூட்டித் தோலைக் காய்ச்சினார்கள். பிணத்தைச் சுற்றிப் பெண்கள் தோளில் தோள் கட்டி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். ஒப்பாரி என்பது செத்தவளுக்கு மட்டும் அல்ல. வந்து உட்காருகிற ஒவ்வொருத்தியும் தன் வீட்டில் செத்தவர்களையும் இழுத்துவைத்து அழுவாள். ஒரு சாவில் ஊரின் பழைய சாவெல்லாம் எழுந்துவரும். அம்மாக்கண்ணு போன வருஷம் போன தன் தம்பியை அழுதாள். இன்னொருத்தி பிறந்த அன்றே செத்த பிள்ளையை அழுதாள்.

காளியாயி முதலில் லெட்சுமியை அழுதாள். பிறகு, நாலு வயதில் பறிகொடுத்த அம்மாவை அழுதாள்.

"பூ முடிச்சுப் பொட்டு வச்சு பொழுதாகப் போன தாயே
போகையில ஒரு வார்த்தை பொண்ணுக்கிட்ட சொல்லலியே..."

கட்டிப்பிடித்திருந்த தோள்களின் சூடு அவளுக்குத் தேவையாக இருந்தது. இருபத்தாறு நாளாக ஒருத்தரும் அவளைத் தொட்டு ஆறுதல் சொல்லவில்லை. சொல்லும்படி அவள் விடவில்லை. இங்கே எத்தனை அழுதாலும் யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள் என்பதை நினைத்துத்தான் காலையில் வேகமாக வந்து உட்கார்ந்தாள். அம்மாவை அழுது முடித்து மூச்சு வாங்கினாள். அவ்வளவோடு எழுந்திருக்க வேண்டும். குரல் நிற்கவில்லை.

"கம்பளிய எனக்குப் போத்தி கடும்பனிய நீ சொமந்த
என்னப் பெத்த அப்பா...
கவ்வாத்து வெட்டின கை காத்தாடும் சாவடியில்
கட்டையாக் கெடந்துச்சோ..."

பக்கத்தில் இருந்த அம்மாக்கண்ணு சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். உயிரோடு இருக்கிற ஆளை வைத்து எவளும் ஒப்பாரி வைக்க மாட்டாள். அதைவிடக் கேடு கிடையாது. "ஏய் காளி, என்னடி பேச்சு இது? வாயை மூடு," என்று அவள் தோளை உலுக்கினாள். காளியாயிக்குக் கேட்கவில்லை.

"சொந்தமுன்னு போன ஊரு யாரோன்னு சொல்லிருச்சே
பால் ஊத்த மகளும் இல்ல, பந்தம் புடிக்கப் பேத்தி இல்ல
பாவி நான் மலைமேல பச்சக் கொழுந்து கிள்ளையில
மாசியில நீ போக மறைச்சு வச்சுத் தின்னேனே
என்னப் பெத்த அப்பா..."

ஒவ்வொரு பெண்ணாகக் குரலை நிறுத்தினார்கள். கடைசியில் அவள் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. தப்புக்காரர்கள்கூடக் கையை நிறுத்தினார்கள். துக்கம் கேட்க வந்த கண்டாக்கு முத்துலிங்கம் ஐயா, வாசலில் குடையை மடக்காமல் நின்றுகொண்டிருந்தார். அவர் காதில் எல்லாம் விழுந்தது. பெண்சாதியின் கால்மாட்டில் கல்லாக உட்கார்ந்திருந்த இராமையா மெல்ல எழுந்து வந்தார்.

"காளி. என்ன சொன்னே?"

அப்போதுதான் அவளுக்குத் தான் இருக்கும் இடம் தெரிந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"எப்ப?"

"மாசி பன்னண்டுங்க."

"மாசியா? இம்புட்டு நாளா... கோழி அடிச்சுப் போட்டாங்கன்னு சொன்னியே..." அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா? நானும் அவனும் ஒரே கப்பல்ல வந்தவங்கடி."

"சொன்னா நீங்க பேரை வெட்டணுமே, சித்தப்பா."

இராமையா திரும்பிப் பெண்சாதியின் முகத்தைப் பார்த்தார். "இவளுக்கே இன்னும் அழுது முடிக்கல. அவனுக்கு எப்ப அழுவேன்?" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்.

கூடத்து மூலையில், பந்தம் பிடிக்க நிறுத்தியிருந்த பிள்ளைகளின் பக்கத்தில் பூரணி நின்றாள். அழவில்லை. பெண்களுக்கிடையில் நுழைந்து வந்து அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்ப என் காயிதத்தை யாரும்மா படிச்சா?"

காளியாயி அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அம்மாக்கண்ணு இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு, "மாமா, என் மாமா, மகராசனே," என்று புதிதாக அழத் தொடங்கினாள். அத்தனை பெண்களும் சேர்ந்தார்கள். அழகுமுத்துவுக்கு லயம் அழுதது அந்த ஒரு மணி நேரம்தான். பிறகு லெட்சுமியைத் தூக்க நேரமாகிவிட்டது.

மூன்று நாள் கழித்துக் காலைப் பிரட்டில் கண்டாக்கையா இராமையாவை அருகே கூப்பிட்டார். அவர் யாழ்ப்பாணத்து மனிதர். கெட்டவர் என்று யாரும் சொன்னதில்லை.

"அழகுமுத்து செத்துப்போனானோ, கங்காணி?"

இராமையா தலையைக் குனிந்தார். "சாவு வீட்டுல காதுல விழுந்ததையெல்லாம் செக்ரோல் புத்தகத்துல எழுதணுமாங்க? பொம்பள என்னமோ வருத்தத்துல பாடுனா. ஆடி வரைக்கும் கெடக்கட்டுங்க. கிழவன் இருந்தா ஒங்களுக்கு என்ன, போனா என்ன?"

"நூறு பேர் கேட்டவங்கள். நான் மறைச்சால் நாளைக்குத் துரை என்னைக் கேப்பார். நான் என்ன செய்ய ஏலும், சொல்லும்?" கண்டாக்கையா புத்தகத்தைத் திறந்து, பேனாவால் ஒரு கோடு இழுத்தார். மெல்லிய கோடுதான். "இப்ப அந்தக் காம்பராவில ஒரு பேர். அடுத்த மாதக் கப்பலுக்குப் போற ஆக்களில பதியட்டோ? இல்லாட்டி அந்தப் பிள்ளையைக் கொண்டுவரட்டும்."

கப்பல் என்ற சொல் வரிசையில் நின்ற காளியாயியின் காதில் விழுந்தது. முசிறிப் பக்கத்துச் சாவடியை அவள் பார்த்ததே இல்லை. பார்க்காமலேயே அதன் தரை, தூண், அதில் ஒரு மூலை எல்லாம் அவளுக்குத் தெரியும். அவள் இராமையாவைப் பார்த்தாள். அவர் வேறு பக்கம் பார்த்தார். கூடையை அங்கேயே வைத்துவிட்டு அவள் லயத்துக்கு நடந்தாள்.

பூரணி பலகையைத் துடைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி நின்றாள். அம்மா கையைப் பிடித்ததும் கூட வந்தாள். வழியில் அம்மாக்கண்ணு தன் பழைய கூடையின் கயிற்றைச் சுருக்கிக் கட்டிக் கையில் கொடுத்தாள். அப்படியும் அது பிள்ளையின் முழங்காலில் இடித்தது.

பிரட்டில் எல்லாரும் மலைக்குப் போகாமல் நின்றிருந்தார்கள். கண்டாக்கையா குனிந்து பார்த்தார்.

"பேர் என்ன, பிள்ளை?"

பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி பூரணி கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். "பூரணிங்க."

"பத்து வயசுக்குக் கீழ எண்டால் பதிய ஏலாது. சட்டம் இருக்கு. என்ன வயசு?"

"எட்டுங்க ஐயா," என்றாள் பூரணி, சரியான பதில் தெரிந்த சந்தோஷத்தோடு.

கண்டாக்கையா பேனாவைப் பிடித்தபடி தாயைப் பார்த்தார்.

"பத்துங்க," என்றாள் காளியாயி.

"இல்லம்மா, எட்டு. தாத்தா சுவத்துல கோடு போட்டு..."

"பத்துங்க ஐயா. எழுதிக்கங்க."

அவர் எழுதினார். இராமையா கங்காணி, "ஏழாம் நம்பர் மலை. எல்லாம் நடங்க," என்றார். பெண்கள் வரிசையாக ஏறத் தொடங்கினார்கள். காளியாயி மகளை முன்னால் விட்டு, தான் பின்னால் நடந்தாள்.